படிப்பதும் பேசுவதும்

சில ஆண்டுகளுக்கு முன்னர், இராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரைச் சிற்றூர் ஒன்றில் ஆசிரியப் பணி ஏற்றேன். அப்பள்ளியில் நூலகம் இருந்தது; அதாவது, இரண்டு மர அலமாரிகளும், அவற்றிற்கு இரண்டு பூட்டுகளும் இருந்தன. புத்தகம் காணாமற்போனால் யார் ஈடு செய்வது என்ற அச்சத்தால் சாவி வெளியே வருவது அரிது. ஒருநாள் இசைவு பெற்றுத் திறந்து பார்த்தேன். ஈரமும் உப்பும் கலந்த காற்றில் தாள்கள் பழுத்திருந்தன. இராமபாணப் பூச்சி அட்டை முதல் அட்டை வரை துளைத்திருந்தது. பூட்டு மாணவரைத் தடுத்ததேயன்றி, இராமபாணத்தைத் தடுக்கவில்லை. அந்நூல்களை முற்றும் 'படித்த' உயிர் அஃதொன்றே!

இப்பிழை நமக்கு மட்டும் உரியதன்று. இடைக்கால ஐரோப்பாவில் நூல்களைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்தனர். சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன், கணித ஆசிரியராக இருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1931-இல் அவர் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளுள் முதலாவது, நூல்கள் பயன்பாட்டுக்கே உரியவை என்பது. வாசகர் ஒவ்வொருவருக்கும் ஏற்ற நூல் கிடைக்க வேண்டும் என்பது இரண்டாவது; நூல் ஒவ்வொன்றும் தனக்குரிய வாசகரை அடைய வேண்டும் என்பது மூன்றாவது. நூல் தானே நடந்து செல்லுமா? படித்தவர் ஒருவர் அதைப் பற்றி மற்றொருவரிடம் பேசும்போதுதான் அதற்குக் கால் முளைக்கிறது.

அதே 1931-இல் இராமேஸ்வரத்தில் பிறந்தவர் அப்துல் கலாம். அவ்வூரில் எஸ். டி. ஆர். மாணிக்கம் என்பவர் தம் சொந்த நூல்களைப் படிக்கக் கொடுத்து அச்சிறுவரை ஊக்கினார். தம்மினும் ஏறத்தாழ 15 ஆண்டு மூத்தவரான ஜலாலுதீனுடன் மாலை வேளைகளில் நடந்துகொண்டே அவர் பலவும் உரையாடினார். இவ்விருவரையும் தம் தன்வரலாற்றில் கலாம் நன்றியோடு நினைவுகூர்ந்துள்ளார். நூல் கொடுக்க ஒருவர், பேசிப் பார்க்க ஒருவர்: இவ்விரண்டும் வேண்டும் என்பதற்கு வேறு சான்று எதற்கு?

புலவர்க்கும் இது பொருந்தும். இராமநாதபுரத்தைச் சேர்ந்த பாண்டித்துரைத் தேவர் 1901-இல் மதுரையில் தமிழ்ச் சங்கம் நிறுவியபோது, ஏடுகளையும் நூல்களையும் தொகுத்ததோடு நின்றுவிடவில்லை. சங்கத்தின் சார்பில் 'செந்தமிழ்' என்னும் இதழும் வெளிவந்தது. படித்ததை எழுதவும், எழுதியதை ஆராயவும் ஓர் இடம் வேண்டுமன்றோ?

அவ்வழியை யாமும் சிறிய அளவில் பின்பற்றினோம். அலமாரியைத் திறந்து வைத்து, அருகே ஒரு தடித்த நோட்டுப் புத்தகத்தை வைத்தோம். 'வாசகர் ஏடு' என்று அதற்குப் பெயரிட்டோம். நூலைத் திருப்பித் தருபவர் அதில் மூன்று செய்திகள் எழுத வேண்டும்: நூல் என்ன சொல்கிறது, எந்த இடம் மனத்தில் நின்றது, எந்த ஐயம் எழுந்தது. மற்றவர் அதன் கீழே மறுமொழி எழுதலாம். மறுப்போர் பக்க எண்ணைக் காட்டி மறுக்க வேண்டும். மதிப்பெண் கிடையாது. வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பில் ஏட்டை உரக்கப் படிப்போம்.

ஒரு மாணவன், 1914-இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் இரயில் பாலம் 1964 டிசம்பர்ப் புயலில் சிதைந்ததையும், பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாள்களில் சீர்பெற்றதையும் வியந்து எழுதியிருந்தான். அதன் கீழே, வகுப்பில் வாய் திறவாத மாணவி ஒருத்தி ஒரே வரி எழுதினாள்: 'பாலம் 46 நாள்களில் எழுந்தது, தனுஷ்கோடி ஏன் எழவில்லை?'

அவளுடைய பாட்டி தனுஷ்கோடியில் பிறந்தவர் என்பதைப் பின்னரே அறிந்தேன். அவ்வெள்ளிக்கிழமை வகுப்பு மணி அடித்த பின்னும் கலையவில்லை. மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என அரசு அறிவித்ததை ஒருவன் எடுத்துரைத்தான். ஒருபுறம் மன்னார் வளைகுடாவும் மறுபுறம் பாக் நீரிணையும் சூழ்ந்த ஒடுங்கிய மணல்திட்டில் மீண்டும் ஊர் அமைப்பது முறையா என்றான் இன்னொருவன். மீனவர் இன்றும் அங்கே குடிசையிட்டு வாழ்கின்றனரே, அவர்கள் உயிர் உயிரன்றோ என்று கேட்டாள் மற்றொருத்தி. நான் தீர்ப்புக் கூறவில்லை. கூறும் தகுதியும் எனக்கில்லை. ஆயின் அடுத்த வாரம் கடல், காற்று, நிலவியல் பற்றிய நூல் ஒன்றுகூட அலமாரியில் இல்லை!

அவ்வாண்டில் இரண்டு நூல்கள் தொலைந்தன என்பதை மறைக்க மாட்டேன். இராமபாணம் தின்றவை அவற்றினும் பல. அதற்கு ஈடாக ஒன்று சேர்ந்தது. அந்த மாணவி பாட்டியிடம் கேட்டறிந்த புயலிரவின் நினைவுகளை நான்கு பக்கங்களில் ஏட்டில் எழுதி வைத்தாள். எங்கள் அலமாரியில் எந்த நூலிலும் இல்லாத செய்தி அது. நூலகம் வளரும் உயிர் என்பது அரங்கநாதனின் ஐந்தாம் விதி. அதன் பொருளை நான் அன்றுதான் உணர்ந்தேன்.

நண்பர்களே! உங்கள் பள்ளி அலமாரியின் சாவி எங்கே இருக்கிறதென்று நாளையே கேளுங்கள். ஒரு நூலை எடுங்கள். படித்து முடித்ததும் தோழர் ஒருவரிடம் அதைப் பற்றிப் பேசுங்கள்.