அமெரிக்கக் கால்பந்தில் ஓட்டத் தடுப்பு: இடைப்பருவ மாற்றங்கள் பலன் தருமா?

அமெரிக்கக் கால்பந்தில், எதிரணி வீரர் பந்தைக் கையில் ஏந்தி ஓடி முன்னேறுவதைத் தடுக்கும் ஆட்டமுறை ஓட்டத் தடுப்பு எனப்படும். அந்நாட்டின் தொழில்முறைப் போட்டித் தொடரான என்.எஃப்.எல். ஆட்டங்கள் ஆண்டுதோறும் செப்டம்பரில் தொடங்கிப் பிப்ரவரியில் முடிகின்றன. இடைப்பட்ட மாதங்களில் அணிகள் ஆட்டக்காரர்களை மாற்றுகின்றன. சில அணிகள் பயிற்சியாளரையே மாற்றுகின்றன. சென்ற பருவத்தில் ஓட்டத்தைத் தடுக்கத் திணறிய அணி, இம்மாற்றங்களால் அடுத்த பருவத்தில் தேறுமா? தேறிய ஓர் அணியையும் தேறாத ஓர் அணியையும் கொண்டு இக்கட்டுரை இக்கேள்வியை ஆராய்கிறது.

ஆட்டத்தின் அடிப்படை

ஒரு பக்கத்திற்கு 11 பேர் ஆடுவர். பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள் உண்டு. அதற்குள் 10 கெஜம் முன்னேறினால் மீண்டும் நான்கு முயற்சிகள் கிடைக்கும். முன்னேற இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, பந்தைத் தூர எறிந்து மற்றொருவர் பிடிப்பது. மற்றொன்று, பந்தை ஏந்தி ஓடுவது. ஓட்டத்தில் ஒவ்வொரு முயற்சிக்கும் 5 கெஜம் கிடைத்துவிட்டால், இரண்டே முயற்சிகளில் 10 கெஜம் முடிந்துவிடும். அந்த அணி பந்தை எறியவே வேண்டியதில்லை. நேரமும் அதன் கையில் இருக்கும். ஓட்டத் தடுப்பு பலவீனமாக இருப்பதன் ஆபத்து இதுதான்.

தடுப்பு எவ்வாறு நடக்கிறது?

தாக்கும் அணியின் முன்வரிசையில் ஐந்து பருத்த வீரர்கள் நிற்பர். அவர்களுக்கு இடையிலும் இரு ஓரங்களிலும் உள்ள சந்துகள் வழியாகவே பந்தை ஏந்தியவர் ஓடுவார். தடுக்கும் அணியில் ஒவ்வொரு சந்துக்கும் ஒருவர் பொறுப்பு. ஏரிக்கரையில் ஓரிடத்தில் உடைப்பு எடுத்தால் மற்ற இடமெல்லாம் உறுதியாக இருந்தும் பயனில்லை. அதுபோல ஒருவர் தம் சந்தை விட்டு விலகினால் போதும், ஓட்டக்காரர் வெளியேறிவிடுவார்.

இதில் மூன்று அடுக்குகள் சேர்ந்து இயங்குகின்றன. முதல் அடுக்கு முன்வரிசை. அதன் நடுவில் நிற்கும் கனமான வீரர் எதிரணியின் இருவரைத் தாமே தாங்கிக்கொண்டால், பின்னால் நிற்பவரைத் தடுக்க ஆள் மிஞ்சாது. இரண்டாம் அடுக்கு லைன்பேக்கர்கள். முன்வரிசை வாங்கித் தரும் அந்த நொடியில் பாய்ந்து ஓட்டக்காரரை வீழ்த்துவது இவர்கள் வேலை. மூன்றாம் அடுக்கு சேஃப்டிகள். ஓட்டக்காரர் முதல் இரு அடுக்குகளையும் கடந்துவிட்டால் கடைசிக் காவல் இவர்களே.

முன்வரிசையையும் லைன்பேக்கர்களையும் உள்ளடக்கிய பகுதியை 'பாக்ஸ்' என்பர். அங்கே ஏழு அல்லது எட்டுப் பேரை நிறுத்தினால் ஓட்டத்தைத் தடுப்பது எளிது. ஆனால் தூர எறிகளுக்கு எதிரான காவல் குறையும். ஆறு பேரை மட்டும் நிறுத்தினால் எறிகளைச் சமாளிக்கலாம்; ஓட்டத்திற்கு வழி திறக்கும். எத்தனை பேரை நிறுத்துவது என்பது பயிற்சியாளரின் முடிவு. புதிய ஆட்டக்காரர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் இந்த முடிவுக்கு உட்பட்டே ஆட வேண்டும்.

எந்த எண்ணைப் பார்ப்பது?

செய்திகளில் பெரும்பாலும் ஓர் ஆட்டத்திற்கு எத்தனை கெஜம் ஓட்டத்தில் விட்டுக்கொடுத்தார்கள் என்ற கணக்கே வரும். இது மட்டும் போதாது. பின்தங்கிய அணி நேரத்தை மிச்சப்படுத்தப் பந்தை எறியும்; முன்னணியில் உள்ள அணி நேரத்தைக் கரைக்க ஓடும். எனவே அடிக்கடி தோற்கும் அணியின் மீது எதிரிகள் அதிகம் ஓடுவர். மொத்தக் கெஜமும் கூடும். ஒவ்வோர் ஓட்டத்திற்கும் சராசரியாக எத்தனை கெஜம் என்ற கணக்கு இந்தக் குழப்பத்தைக் குறைக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே சரி.

தேறிய அணி: டாம்பா பே பக்கனியர்ஸ், 2019

2018இல் இந்த அணி ஓர் ஆட்டத்திற்கு 120 கெஜத்துக்கு மேல் ஓட்டத்தில் விட்டுக்கொடுத்தது. பருவம் முடிந்ததும் தலைமைப் பயிற்சியாளர் நீக்கப்பட்டார். அவர் இடத்திற்குப் புரூஸ் ஏரியன்ஸ் வந்தார். தடுப்பாட்டப் பொறுப்பை டாட் போல்ஸ் ஏற்றார். நீண்ட காலம் நடுவரிசையில் ஆடிய ஜெரால்ட் மெக்காய் விடுவிக்கப்பட்டு, என்டாமுகன் சூ ஒப்பந்தம் செய்யப்பட்டார். புதுமுகத் தேர்வில் ஐந்தாவது இடத்தில் லைன்பேக்கர் டெவின் வைட் எடுக்கப்பட்டார். 2018இல் வந்த பருத்த நடுவரிசை வீரர் வீட்டா வேயா இரண்டாம் ஆண்டில் முதிர்ச்சி பெற்றார். 2012 முதல் அணியில் இருந்த லைன்பேக்கர் லவோன்டே டேவிட் தொடர்ந்தார்.

பலன் உடனே தெரிந்தது. 2019இல் இந்த அணி ஓர் ஆட்டத்திற்கு 73.8 கெஜம் மட்டுமே விட்டுக்கொடுத்துத் தொடரில் முதலிடம் பெற்றது. ஒவ்வோர் ஓட்டத்திற்குமான சராசரி 3.3 கெஜம். 2020லும் 80.6 கெஜத்துடன் முதலிடத்தைத் தக்கவைத்தது. அந்த ஆண்டு அக்டோபரில் வேயாவின் கால் முறிந்தது. அணி உடனே ஸ்டீவ் மெக்லெண்டன் என்ற அனுபவசாலியை வேறோர் அணியிடமிருந்து வாங்கியது. தடுப்பு தளரவில்லை. 2021 பிப்ரவரி 7 அன்று கேன்சஸ் சிட்டி சீஃப்ஸ் அணியை 31-9 என வென்று சூப்பர் பௌல் பட்டத்தையும் வென்றது.

இங்கு ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். 2019இல் ஓட்டத் தடுப்பில் முதலிடம் பெற்ற அதே அணி 7 ஆட்டங்களில் வென்று 9 ஆட்டங்களில் தோற்றது. ஓட்டத் தடுப்பு தேறுவது அணியின் ஒரு குறை தீர்வதுதான். எல்லாக் குறைகளும் தீர்வதாகாது.

தேறாத அணி: லாஸ் ஏஞ்சலஸ் சார்ஜர்ஸ், 2022

2021 பருவத்தில் சார்ஜர்ஸ் ஓர் ஆட்டத்திற்கு 138.9 கெஜம் விட்டுக்கொடுத்து, 32 அணிகளில் 30ஆவது இடத்தில் இருந்தது. 2022 ஜனவரி 9 அன்று லாஸ் வேகஸ் ரைடர்ஸுடன் கடைசி ஆட்டம். சமநிலையில் முடிந்திருந்தாலே இரு அணிகளும் அடுத்த சுற்றுக்குப் போயிருக்கும். கூடுதல் நேரத்தின் இறுதியில் ஜோஷ் ஜேக்கப்ஸ் 10 கெஜம் ஓடினார். அந்த ஓட்டம் ரைடர்ஸ் உதைப்பாளருக்கு எட்டும் தூரத்தைத் தந்தது. 35-32 என்ற தோல்வியுடன் சார்ஜர்ஸ் வெளியேறியது.

குறை எது என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அணி தாராளமாகச் செலவழித்தது. நடுவரிசைக்குச் செபாஸ்டியன் ஜோசப்-டே, ஆஸ்டின் ஜான்சன் ஆகியோர் வந்தனர். சிகாகோவிலிருந்து கலீல் மேக் வாங்கப்பட்டார். தலைமைப் பயிற்சியாளர் பிராண்டன் ஸ்டேலி 2020இல் அண்டை அணியான ராம்ஸின் தடுப்பாட்டத்தைத் தொடரிலேயே சிறந்ததாக ஆக்கியவர். ஜோசப்-டே அங்கே அவரிடம் ஆடியவர். எனவே இம்முறை தேறிவிடும் என்ற எதிர்பார்ப்பு நியாயமானதாகவே இருந்தது.

நடந்தது வேறு. 2022இல் ஓர் ஆட்டத்திற்கான கணக்கு 145.8 கெஜமாக உயர்ந்தது. ஒவ்வோர் ஓட்டத்திற்குமான சராசரி 5.4 கெஜம், தொடரிலேயே மிக மோசமான அளவு இது. ஹூஸ்டனின் டேமியன் பியர்ஸ் 75 கெஜமும், சியாட்டிலின் கென்னத் வாக்கர் 74 கெஜமும் ஒரே ஓட்டத்தில் ஓடிப் புள்ளி எடுத்தனர்.

காரணங்கள் மூன்று. முதலாவது, ஆட்டமுறை மாறவில்லை. ஸ்டேலியின் முறை தூர எறிகளைத் தடுப்பதை முதன்மையாகக் கொண்டது. இரு சேஃப்டிகளைப் பின்னால் நிறுத்தி, பாக்ஸில் குறைவான ஆட்களை வைப்பது. ராம்ஸில் இது பலித்தபோது நடுவரிசையில் ஆரன் டொனால்ட் என்ற அரிய வீரர் இருந்தார். சார்ஜர்ஸுக்கு அந்த வரிசையிலிருந்து ஜோசப்-டே வந்தார்; டொனால்ட் வரவில்லை. இரண்டாவது, காயங்கள். ஜோயி போசா மூன்றாம் வாரத்தில் அடிபட்டுப் பல ஆட்டங்களை இழந்தார். ஜான்சன் நவம்பரில் முழங்கால் காயத்தால் பருவம் முழுவதும் விலக நேர்ந்தது. மூன்றாவது, நீண்ட ஓட்டங்கள். முன்வரிசை பலமுறை சரியாகத் தடுத்தாலும், பின் அடுக்குகள் ஒரு முறை தவறவிட்டால் சராசரி எகிறிவிடும். முன்வரிசைக்கு ஆள் வாங்கியது இந்த நோய்க்கு மருந்தாகவில்லை.

இருந்தும் அந்த அணி 2023 ஜனவரியில் அடுத்த சுற்றுக்கு நுழைந்தது. ஜாக்சன்வில் ஜாகுவார்ஸுக்கு எதிராக 27-0 என முன்னிலையும் பெற்றது. ஆட்டம் முடிய ஒன்றரை நிமிடம்கூட இல்லாத நிலையில், நான்காம் முயற்சியில் ஒரே ஒரு கெஜம் தேவைப்பட்ட ஜாகுவார்ஸின் டிராவிஸ் ஈட்டியன் 25 கெஜம் ஓடினார். அதைத் தொடர்ந்த உதையில் ஜாகுவார்ஸ் 31-30 என வென்றது. ஓராண்டு இடைவெளியில் இரு பருவங்களும் தடுக்க முடியாத ஓர் ஓட்டத்தை ஒட்டியே முடிந்தன. ஸ்டேலி 2023 டிசம்பரில் பதவி இழந்தார்.

பருவத்திற்கு முன்பே கணிப்பது எப்படி?

இரு அணிகளும் நடுவரிசைக்குப் பணம் செலவழித்தன. டாம்பா பேயில் ஆட்களோடு ஆட்டமுறையும் மாறியது. முன்வரிசை, லைன்பேக்கர் ஆகிய இரு அடுக்குகளும் ஒன்றாக வலுப்பெற்றன. காயம் பட்டபோது மாற்று ஆள் தேடப்பட்டார். சார்ஜர்ஸில் ஆட்கள் மாறினர். ஆட்டமுறை அப்படியே நின்றது. எனவே ஓர் அணியின் இடைப்பருவ மாற்றங்களைப் படிக்கும் மாணவர் பின்வரும் கேள்விகளைக் கேட்டுக்கொள்ளலாம்.

1. சென்ற ஆண்டுக் கெஜங்கள் சிறு சிறு ஓட்டங்களில் போயினவா, சில நீண்ட ஓட்டங்களில் போயினவா? முன்னது முன்வரிசையின் குறையைக் காட்டும். பின்னது பெரும்பாலும் பின் அடுக்குகளின் குறையைக் காட்டும்.

2. புதியவர்கள் அந்தக் குறையுள்ள அடுக்கில்தான் சேர்க்கப்பட்டிருக்கிறார்களா?

3. பாக்ஸில் எத்தனை பேரை நிறுத்துவது என்பதில் பயிற்சியாளரின் போக்கு மாறியிருக்கிறதா?

4. முதன்மை வீரர் ஒருவர் காயமடைந்தால் அவர் இடத்தை நிரப்பத் தகுந்தவர் உண்டா?

நான்கிற்கும் சாதகமான விடை கிடைத்தால் முன்னேற்றத்தை எதிர்பார்க்கலாம். இரண்டாம் கேள்விக்கு மட்டும் நல்ல விடை இருந்தால், புதிய பெயர்களைக் கண்டு முடிவுக்கு வராமல் முதல் நான்கைந்து ஆட்டங்களில் ஓர் ஓட்டத்திற்கான சராசரியைக் கவனிப்பது நல்லது.