கழிமுகத்திலிருந்து தொடங்கும் கணக்கு

மழைநீர் வடிகால் என்பது, கூரையிலும் சாலையிலும் விழுந்து மண்ணுக்குள் இறங்க வழியில்லாமல் போன நீரை, பெரும்பாலும் மோட்டாரின் துணையின்றி, தரையின் சரிவை மட்டுமே நம்பி ஆற்றிலோ கடலிலோ கொண்டுசேர்க்கும் கால்வாய் ஆகும். சென்னையில் இதை மாநகராட்சி கட்டிப் பராமரிக்கிறது. வீட்டுக் கழிவுநீரைச் சுமக்கும் பாதாளச் சாக்கடை, குடிநீர் வாரியத்தின் பொறுப்பில் உள்ள வேறோர் அமைப்பு. ஒரு வடிகால் போதுமானதா என்று ஆராயும்போது தெருவில் தேங்கும் நீரிலிருந்து தொடங்குவதே வழக்கம். ஆனால் அடையாறு போன்ற தாழ்ந்த கடலோரப் பகுதியில், நீர் போய்ச் சேரும் முனையில் தொடங்கி மேல்நோக்கி வரும் மதிப்பீடே உண்மை நிலையைக் காட்டும்.

வடிகாலுக்கு வரும் நீரைக் கணக்கிட, மழையின் செறிவு, நீர் திரளும் பரப்பு, வழிந்தோடல் கெழு ஆகிய மூன்றையும் பெருக்கும் முறை 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து கையாளப்படுகிறது. விழுந்த மழையில் எத்தனை பங்கு தரைமேல் ஓடுகிறது என்பதைக் காட்டும் பின்னமே வழிந்தோடல் கெழு. கான்கிரீட் தளத்தில் அது ஒன்றை நெருங்கும், மணற்பாங்கான தோட்டத்தில் மிகக் குறைவாக இருக்கும். முழுவதும் தளமிட்ட ஒரு ஹெக்டேர் பரப்பில் மணிக்கு 36 மில்லிமீட்டர் மழை பெய்தால் நொடிக்கு ஏறத்தாழ 100 லிட்டர் நீர் வடிகாலுக்கு வரும். அதே இடம் 0.3 கெழு கொண்ட தோட்டமாக இருந்தால் 30 லிட்டர்தான் வரும். மயிலாப்பூருக்கு மேற்கே நீண்டு கிடந்த ஏரி 1920-களில் தூர்க்கப்பட்டுத் தியாகராய நகர் உருவானபோது, நீரைத் தேக்கிய பரப்பே நீரை வெளியேற்றும் பரப்பாக மாறியது. நந்தனம் வழியாக வந்து அடையாற்றில் கலக்கும் மாம்பலம் கால்வாயின் சுமையை இந்த வரலாற்றை விலக்கிவைத்துப் புரிந்துகொள்ள முடியாது.

கால்வாயின் கொள்திறனோ அதன் அகல ஆழத்தோடு, சரிவையும் உட்பரப்பின் வழவழப்பையும் பொறுத்தது. சரிவு நான்கில் ஒன்றாகக் குறைந்தால் நீரின் வேகம் பாதியாகும். சதுர வடிவான மூடிய வடிகாலில் பாதி உயரத்துக்கு வண்டல் படிந்தால், அது சுமக்கக்கூடிய நீர் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்காகிவிடும். ஆண்டுதோறும் பருவமழைக்கு முன் தூர்வாருவது சடங்காகாமல், வண்டல் எங்கெங்கு எத்தனை ஆழம் படிந்தது என்ற பதிவாகவும் அமைந்தால், சரிவு தவறிய இடங்களை அப்பதிவே காட்டிக்கொடுக்கும்.

இவை அனைத்தும் சரியாக இருந்தாலும், வடிகாலின் வாய் ஆற்றின் நீர்மட்டத்துக்குக் கீழே மூழ்கிவிட்டால் நீர் வெளியேறாது. சில வேளைகளில் ஆற்று நீரே வடிகால் வழியாகத் தெருவுக்குள் ஏறும். சென்னையின் தரை, கடல்மட்டத்துக்குச் சராசரியாக ஆறேழு மீட்டர் உயரத்திலேயே இருக்க, ஆற்றோரப் பகுதிகள் அதனினும் தாழ்ந்தவை. கழிமுகத்தில் அலைகள் குவிக்கும் மணல்திட்டும், நாளுக்கு இருமுறை உயரும் கடல் ஓதமும் ஆற்றின் மட்டத்தை மேலே தள்ளுகின்றன. 2015 டிசம்பர் முதல் நாளில் தாம்பரம் பகுதியில் ஒரே நாளில் ஏறத்தாழ 49 சென்டிமீட்டர் மழை பெய்ய, செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீரும் சேர்ந்து அடையாறு கரைபுரண்டபோது, கோட்டூர்புரமும் சைதாப்பேட்டையும் மூழ்கின. அத்தகைய நாளில் தெரு வடிகாலை இரு மடங்கு அகலப்படுத்தியிருந்தாலும் பெரிய பயன் விளைந்திராது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கரையோரமாக நகர்ந்தபோதும் கடல் கொந்தளித்து ஆற்றுநீரை எளிதில் ஏற்கவில்லை.

எத்தனை கிலோமீட்டர் வடிகால் புதிதாகக் கட்டப்பட்டது என்ற எண்ணிக்கை, ஆகவே, குறைந்த அளவே பொருள் தருவது. ஒவ்வொரு வடிகால் வாயின் அடிமட்டத்தையும் ஆற்றின் வெள்ளமட்டத்தோடு ஒப்பிட்டு, மூழ்கும் வாய்களில் வெளிப்புறம் மட்டுமே திறக்கும் மதகையும் இறைப்பான்களையும் அமைப்பதே முதல் திருத்தம். பழைய தார்ப்பரப்பைச் சுரண்டாமல் மேலேமேலே போடப்பட்ட சாலைகள், வீட்டு வாசல்களைத் தாழ்த்தி நீரோட்டத்தின் திசையையே மாற்றியிருக்கின்றன. சுரண்டிய பின்னரே புதிய சாலை போட வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு அரசு வலியுறுத்தியது, தாமதமாக வந்தாலும் மிகச் சரியான முடிவு.

ஆறு நீரை ஏற்காத சில மணி நேரம் நீரை மேலேயே நிறுத்திவைப்பது மற்றொரு வழி. 2003-இல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்பும், மாநகராட்சி அமைத்துவரும் பஞ்சுப் பூங்காக்களும், அதாவது நீரைத் தாங்கி மண்ணுக்குள் இறக்கும் தாழ்வான குளங்களைக் கொண்ட பூங்காக்களும், இவ்வகையில் உதவுகின்றன. ஆயினும் வடகிழக்குப் பருவமழையின் பிற்பகுதியில் கடலோர மணற்பகுதியின் நிலத்தடி நீர்மட்டம் மேலேறிவிடுவதால், டிசம்பர் மழையை அவை குறைவாகவே உள்வாங்கும். குளத்தின் ஆழத்தைத் தீர்மானிப்பதற்கு முன் அப்பகுதிக் கிணறுகளின் டிசம்பர் மாத நீர்மட்டத்தை அளந்தாக வேண்டும்.