களஞ்சியக் காவலும் கமராப் பதிவும்

நெல்லை விளைவித்தல் எத்துணை அவசியமோ, விளைந்த நெல்லைக் காத்தலும் அத்துணை அவசியமாகும். வவுனியா வடக்கிலுள்ள நெடுங்கேணிப் பகுதியிற் காலபோக நெல் மாசி, பங்குனி மாதங்களில் அறுவடை செய்யப்படுகின்றது. அதிலிருந்து ஒதுக்கப்படும் விதைநெல் ஐப்பசி விதைப்பு வரை ஏறக்குறைய ஏழு மாதங்கள் களஞ்சியத்திற் கிடக்கும். நீரிறைக்கும் இயந்திரம், மருந்து தெளிகருவி முதலியனவும் அங்கேயே வைக்கப்படுவதுண்டு. இவற்றின் பாதுகாப்புக்கெனக் கமராக்களையும் அவற்றின் படங்களைச் சேமிக்கும் பதிவுப் பெட்டியையும் பொருத்துவது இக்காலத்திற் கமக்காரருக்கும் இயலக்கூடியதாயிற்று.

ஆயினும், கமரா இருப்பதனால் மாத்திரம் களவுக்குச் சாட்சியம் கிடைத்துவிடாது. பதிவுப் பெட்டியினுள் இருக்கும் வன்தட்டு நிரம்பியதும், பெட்டி மிகப் பழைய படத்தை அழித்து அவ்விடத்திற் புதியதைப் பதியும். ஆறு நாட்களுக்கு மட்டும் இடமுள்ள பெட்டியை வைத்திருப்பவர், விதைநெல் மூட்டைகள் போனதைப் பதினான்காம் நாளில் அறிவாராயின், வெறுங் களஞ்சியத்தின் படத்தையே காண்பார்.

எத்தனை நாட்பதிவு தேவை?

களஞ்சியம் எத்தனை நாளைக்கு ஒருமுறை திறந்து பார்க்கப்படுகின்றது என்பதை முதலிற் கவனித்தல் வேண்டும். களவு ஒரு பார்வையிடலுக்கு மறுநாளே நிகழ்ந்து, அடுத்த பார்வையிடலின்போதே தெரியவரலாம். அதன்பின் பதிவைத் தேடவும், பொலிசாரிடம் முறையிடவும், படத்தைப் பிரதி செய்யவும் சில நாட்கள் செல்லும். ஆகையால் இரு பார்வையிடல்களுக்கு இடைப்பட்ட நாட்களுடன் மேலும் ஒரு வாரத்தைக் கூட்டிக்கொள்வது நன்று. பதினான்கு நாளைக்கு ஒருமுறை பார்ப்பவருக்கு 21 நாட்பதிவு தேவையாகும்.

கணக்கிடும் முறை

ஒரு கமரா வினாடிக்கு 4 மெகாபிற் வீதம் படம் அனுப்புமாயின், ஒரு நாளைக்கு 43.2 ஜிகாபைற் இடம் செல்லும். நான்கு கமராக்களுக்கு இது 172.8 ஜிகாபைற் ஆகும். 1 டெராபைற் என்பது 1,000 ஜிகாபைற் ஆதலால், அத்தகைய வன்தட்டு ஆறு நாட்களுக்கும் போதாது. 4 டெராபைற் வன்தட்டோ ஏறக்குறைய 23 நாட்களுக்குப் போதும்.

பணம் செலவிடுமுன் பெட்டியின் அமைப்புகளையும் பார்த்தல் வேண்டும். படத்தைச் சுருக்கும் முறைகளில் எச்.264 பழையது, எச்.265 புதியது. கமராவும் பெட்டியும் இரண்டாவதை ஏற்குமாயின், தெளிவு அதிகங் குறையாமலே வீதத்தை 2 மெகாபிற் அளவுக்குக் குறைக்க முடிவதுண்டு. அப்பொழுது 2 டெராபைற் வன்தட்டே அதே 23 நாட்களுக்குப் போதுமானதாகும். குறைத்தபின், இரவுப் படத்தில் ஆள்முகம் தெரிகின்றதா எனச் சோதித்தல் அவசியம்.

அசைவு தோன்றும்போது மாத்திரம் பதியும் முறையும் இடத்தை மீதப்படுத்தும். ஆனால் காற்றில் ஆடும் கிளை, மழை, இரவில் கமராவை மொய்க்கும் பூச்சி ஆகியவற்றையும் பெட்டி அசைவெனக் கொள்ளும். எனவே இம்முறையை மூடிய களஞ்சியத்தின் உட்புறத்துக்கு வைத்துக்கொண்டு, வெளிமுற்றத்தைத் தொடர்ச்சியாகப் பதிதல் தக்கது.

வன்தட்டைத் தெரிதல்

1956 ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதலாவது வன்தட்டுக் கருவியில் 50 தட்டுகள் இருந்தும், அது ஏறத்தாழ 5 மெகாபைற் அளவையே கொண்டது. இன்று கையளவான தட்டொன்று அதைப்போற் பல இலட்சம் மடங்கு கொள்கின்றது. ஆயினும் எல்லாத் தட்டும் எல்லாப் பெட்டிக்கும் பொருந்தா. பெட்டி ஏற்கும் உச்ச அளவைக் கைநூலிற் பார்த்தல் வேண்டும். இரவும் பகலும் ஓயாது எழுதுவதற்கென ஆக்கப்பட்ட கண்காணிப்பு வன்தட்டையே வாங்குதல் நன்று. சாதாரணக் கணினித் தட்டு அவ்வேலைக்கென ஆக்கப்பட்டதன்று.

பொருத்தும் முறை

1. தேவையான பழைய படங்களை முதலிற் பென் டிரைவில் பிரதி செய்துகொள்க.

2. பெட்டியை அதன் கட்டளைப் பட்டியல் மூலம் நிறுத்தி, மின்னிணைப்பைக் கழற்றுக.

3. மூடியைத் திறந்து, பெட்டியின் உலோகப் பாகத்தைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்னைப் போக்குக.

4. தரவு வடத்தையும் மின்வடத்தையும் வன்தட்டில் இணைத்து, திருகாணிகளால் இறுக்குக.

5. மூடியைப் பூட்டிப் பெட்டியை இயக்கி, புதிய தட்டை மாத்திரம் தெரிந்து அதனை ஆயத்தம் செய்யும் கட்டளையை இடுக. இக்கட்டளை தட்டிலுள்ள யாவற்றையும் அழிக்கும். இரண்டு தட்டுகள் இருப்பின் பழையதைத் தவறித் தெரிந்துவிடலாகாது.

இரண்டாவது தட்டை வைக்க இடமுள்ள பெட்டியில், மின்வழங்கி இரண்டையும் தாங்குமா என்று பார்த்தல் வேண்டும். தட்டு சுழலத் தொடங்கும் வேளையில் வழக்கத்திலும் கூடிய மின் தேவைப்படும். கழற்றிய பழைய தட்டில் முக்கிய படம் இருப்பின் அதைக் கணினியில் இணைத்துப் பரீட்சித்தல் தகாது. கணினி பெரும்பாலும் அதனை வாசிக்கமாட்டாது அழித்து அமைக்குமாறு கேட்கும். அறியாது சம்மதித்தால் பதிவு இழக்கப்படலாம்.

பொருத்திய பின்

மறுநாளே முந்திய இரவின் படத்தை ஓடவிட்டுப் பார்த்தல் வேண்டும். திகதியும் நேரமும் சரியாக இருத்தல் இன்றியமையாதது. மூன்று வாரங்களின் பின், கிடைக்கும் மிகப் பழைய நாள் எதுவென்று பார்த்தால், கணக்குச் சரியா என்பது புலப்படும். பெட்டியைக் களஞ்சியத்தில் வைத்தலாகாது. நெல்தூசி அதனைக் கெடுக்கும், கள்வனும் அதனையே எடுத்துச்செல்வான். வீட்டினுள், மின்தடையைத் தாங்கும் மின்கலக் கருவியுடன் வைத்தல் உத்தமம்.

இறுதியாக ஒன்று. பதினான்கு நாளைக்கு ஒருமுறை திறப்பவர் ஏழு நாளைக்கு ஒருமுறை திறப்பாராயின், தேவையான பதிவு 21 நாளிலிருந்து 14 ஆகக் குறையும். நெல்லில் ஈரமோ அந்தோ பற்றியிருந்தாலும் அது முன்னதாகவே தெரியவரும். வன்தட்டுக்குப் பணம் வேண்டும். களஞ்சியக் கதவைத் திறப்பதற்குச் செலவில்லை.