காசநோய் மாத்திரை: எதற்காக நிறுத்தக் கூடாது, எப்போது ஓட வேண்டும்

சிறுநீர் சிவப்பாகப் போகிறது என்று பயந்து மாத்திரையைக் குப்பையில் போட்டவர்கள் ஒரு பக்கம். கண் மஞ்சளித்த பிறகும் “ஆறு மாசம் விடாமல் சாப்பிடச் சொன்னாங்களே” என்று விழுங்கிக்கொண்டே இருந்தவர்கள் இன்னொரு பக்கம். இரண்டு கூட்டத்தையும் மாறி மாறிப் பார்த்துச் சலித்துவிட்டது. நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்துகிறார்கள். நிறுத்த வேண்டிய இடத்தில் தொடர்கிறார்கள். முதல் நாள் மாத்திரை கொடுப்பவர் ஐந்து நிமிடம் ஒதுக்கி விளக்கியிருந்தால் பாதிப் பேர் தப்பியிருப்பார்கள். கொடுப்பவருக்கு அவசரம். வாங்குபவருக்கோ தெரிந்தவர் யாராவது பார்த்துவிடப் போகிறார்களே என்ற பதற்றம். அட்டையைப் பைக்குள் திணித்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்.

காசநோய்க்காரரைச் சானடோரியத்தில் படுக்க வைக்கத் தேவையில்லை, வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டால் போதும் என்று உலகுக்குக் காட்டியது 1950களின் கடைசியில் சென்னையில் நடந்த ஆய்வுதான். அன்றிலிருந்து மருத்துவமனையின் பொறுப்பில் பாதி நோயாளியின் வீட்டுக்கு வந்துவிட்டது. வந்த பொறுப்பை எப்படிச் சுமப்பது என்றுதான் யாரும் ஒழுங்காகச் சொல்வதில்லை.

வழக்கமான காசநோய்க்கு, அதாவது மருந்துக்குக் கட்டுப்படும் கிருமிக்கு, சிகிச்சை ஆறு மாதம். முதல் இரண்டு மாதம் ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைட், எத்தம்பியூட்டால் என நான்கு மருந்து. அடுத்த நான்கு மாதம் பைராசினமைட் இல்லாமல் மற்ற மூன்று. எல்லாம் ஒரே மாத்திரையில் சேர்ந்தே வரும். தினமும் எத்தனை மாத்திரை என்பதை உடல் எடைதான் தீர்மானிக்கிறது: பெரியவர்களுக்கு 35 முதல் 49 கிலோ வரை மூன்று, 50 முதல் 64 வரை நான்கு. அதனால் “எவ்வளவு வெயிட் இருப்பீங்க?” என்று வாயால் கேட்டு எழுதினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். எடை பார்க்கும் மெஷினில் ஏறி நின்று, வந்த எண்ணைச் சிகிச்சை அட்டையில் எழுதச் சொல்லுங்கள். சிகிச்சை நடுவே ஐந்து கிலோவுக்கு மேல் ஏறினால் மாத்திரை எண்ணிக்கை மாற வேண்டியிருக்கலாம். அதையும் நீங்கள்தான் கேட்க வேண்டியிருக்கும்.

அன்றைய மாத்திரை முழுவதையும் ஒரே வேளையில் சாப்பிட வேண்டும். காலையில் ஒன்று, மதியம் ஒன்று, ராத்திரி ஒன்று என்று பிரிக்கக் கூடாது. வெறும் வயிற்றில் சாப்பிடுவது நல்லது. குமட்டினால் இரண்டு இட்லிக்குப் பிறகு சாப்பிடலாம், தவறில்லை. நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் ஜெலுசில் வகை மருந்துகளைக் கூடவே எடுத்தால் ஐசோனியசிட் உடம்பில் சரியாகச் சேராது. இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். ஒரு நாள் மறந்துபோனால் மறுநாள் இரட்டிப்பாக விழுங்க வேண்டாம். விட்ட நாள் கடைசியில் சேர்ந்துகொள்ளும். “சூடு பண்ணுது” என்று மாத்திரையைப் பாதியாக உடைப்பவர்களுக்கு ஒன்று: இளநீர் குடியுங்கள், மோர் குடியுங்கள், மாத்திரையை உடைக்காதீர்கள். அரைகுறை அளவு கிருமியைக் கொல்லாது, மருந்துக்குப் பழக்கிவிடும். பழகிய கிருமிக்குச் சிகிச்சை வேறு, பக்கவிளைவும் கடுமை.

சிறுநீரும் வியர்வையும் கண்ணீரும் ஆரஞ்சு நிறமாவது ரிஃபாம்பிசினின் சாயம். அது ரத்தம் அல்ல. இதற்காக நிறுத்தக் கூடாது. மூட்டு வலி வந்தால் பெரும்பாலும் பைராசினமைட் காரணம். சொன்னால் வலிக்கு மாத்திரை தருவார்கள். கால் மதமதப்பு, பாதத்தில் எரிச்சல் ஐசோனியசிட்டால் வரும். பைரிடாக்சின் என்ற பி6 வைட்டமின் மாத்திரை அதற்குத்தான். தராவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

இனி ஓட வேண்டியவை. சாப்பிட முடியாத அளவுக்குத் தொடர்ந்து வாந்தி, வயிற்றின் வலது மேல்பக்கம் வலி, கண் மஞ்சள். இவை கல்லீரல் அடிபடுவதன் அறிகுறி. அன்றைக்கே எல்லாக் காசநோய் மாத்திரையையும் நிறுத்திவிட்டு அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். “திங்கட்கிழமை போய்க்கலாம்” என்று தள்ளாதீர்கள். கீழாநெல்லி அரைத்துக் குடித்துப் பார்ப்போம் என்று ஒரு வாரம் கழிப்பவர்கள்தான் தீவிர சிகிச்சைப் பிரிவில் போய்ச் சேர்கிறார்கள். ரத்தப் பரிசோதனை செய்து, கல்லீரல் தேறியதும் மருந்துகளை ஒவ்வொன்றாகத் திரும்பத் தொடங்குவது மருத்துவரின் வேலை. நீங்களாகத் தொடங்கவும் கூடாது, அப்படியே விட்டுவிடவும் கூடாது. பார்வை மங்கினாலோ, சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாமல் போனாலோ எத்தம்பியூட்டாலைச் சந்தேகிக்க வேண்டும். அதற்கும் அன்றைக்கே. கண்ணாடிக் கடைக்குப் போய்ப் புதுக் கண்ணாடி போடுவது தீர்வல்ல.

வீட்டில் இருக்கும் மற்ற மாத்திரை அட்டைகளையும் முதல் நாளே கொண்டுபோய்க் காட்டுங்கள். கருத்தடை மாத்திரை ரிஃபாம்பிசினோடு சேர்ந்தால் நம்பக் கூடியதல்ல. வேறு முறை வேண்டும். சில சர்க்கரை மாத்திரைகள், ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரின், எச்ஐவி மருந்துகள் ஆகியவற்றின் வேகத்தையும் ரிஃபாம்பிசின் குறைக்கும். குடி? ஆறு மாதமும் வேண்டாம். இதில் பேரம் கிடையாது.

அடுத்து அலுவலக விவகாரம். இங்கேதான் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். உங்கள் பெயர் நிக்ஷய் என்ற அரசின் காசநோய் இணையப் பதிவில் ஏறியிருக்க வேண்டும். அந்தப் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, சிகிச்சை அட்டையோடு செல்போனில் படம் எடுத்து வையுங்கள். தனியார் மருத்துவரிடம் போனாலும் அவர் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்பது 2012 முதல் விதி. தனியாரிடம் பார்ப்பவருக்கும் அரசு மருந்தும் உதவித்தொகையும் உண்டு. சத்துணவுக்கான உதவித்தொகை 2024 நவம்பர் முதல் மாதம் 1,000 ரூபாய். ஆறு மாதத்துக்கு 3,000 வீதம் இரண்டு தவணை: நோய் உறுதியானதும் ஒன்று, 84 நாள் சிகிச்சை முடிந்ததும் ஒன்று. வங்கிப் புத்தகத்தின் முதல் பக்க நகலைக் கொடுத்து, கணக்கு இயங்குகிறதா என்று வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள். வருடக்கணக்கில் தொடாத கணக்கைக் கொடுத்துவிட்டு அரசாங்கத்தைத் திட்டிப் பயனில்லை. சொந்தக் கணக்கே இல்லையென்றால் எழுத்து மூலமான சம்மதத்தோடு ரத்த உறவினர் கணக்கைத் தரலாம்.

பணம் வராவிட்டால் முதலில் உங்கள் வட்டாரத்தின் முதுநிலை சிகிச்சை மேற்பார்வையாளர். அங்கே நகராவிட்டால் மாவட்டக் காசநோய் மையத்தில் துணை இயக்குநர். அதன் பிறகு ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள். மனுவில் பதிவு எண்ணை எழுதி, ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். கட்டணமில்லா 1800-11-6666 எண்ணிலும் புகார் செய்யலாம்.

“ஸ்டாக் இல்லை, அடுத்த வாரம் வாங்க” என்ற பதிலுக்குத் தலையாட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். 2024 தொடக்கத்தில் நாடு முழுக்க இந்த மருந்துகளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, உள்ளூரிலேயே கொள்முதல் செய்யும்படி மாநிலங்களுக்கு மத்திய அரசே எழுதியது. ஆகவே இல்லை என்பது பதிலாகாது. எந்த நிலையத்தில் இருக்கிறது, இன்றைக்கு யார் தருவார் என்று கேளுங்கள். துணை இயக்குநர் அலுவலகத்துக்கு அங்கிருந்தே போன் போடச் சொல்லுங்கள். கடையில் வாங்க நேர்ந்தால் பில்லை வைத்துக்கொண்டு அந்தத் தொகையை எழுத்தில் கேளுங்கள்.

திருப்பூருக்கோ பெங்களூருக்கோ வேலைக்குப் போகிறவர்கள் போன பிறகு சொல்கிறார்கள். போவதற்கு முன்பே சொல்லி, போகும் ஊருக்குப் பதிவை மாற்றிக்கொண்டு, வழிக்குத் தேவையான மாத்திரையையும் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு மாதம் விட்டுவிட்டால் விட்ட இடத்திலிருந்து சும்மா தொடர முடியாது. மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியா என்று சளியைத் திரும்பப் பரிசோதிக்க வேண்டும். இருமல் நின்றது குணமானதற்குச் சான்றல்ல. திரும்பவும் சொல்கிறேன், இருமல் நின்றது குணமானதற்குச் சான்றல்ல. இரண்டாம் மாத முடிவிலும் ஆறாம் மாத முடிவிலும் எடுக்கும் சளிப் பரிசோதனையைத் தவற விடாதீர்கள்.

வீட்டில் இருப்பவர்களையும் அழைத்துப் போங்கள், முக்கியமாக ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை. நோய் இல்லை என்று உறுதியானால் தடுப்பு மாத்திரை தருவார்கள். ஆறு மாதம் முடிந்ததும் சிகிச்சை நிறைவு என்று அட்டையில் எழுதி வாங்குங்கள். அதன் பிறகும் 6, 12, 18, 24ஆம் மாதங்களில் போய்க் காட்டிவர வேண்டும். யாரும் கூப்பிட மாட்டார்கள். தேதிகளை இன்றைக்கே காலண்டரில் குறித்துவையுங்கள்.