கோவில்பட்டி என்னும் பொதுச்சொத்து

அயனம்பாக்கத்துப் பெட்டிக்கடையிலும் 'கோவில்பட்டி கடலைமிட்டாய்' என்று அச்சிட்ட பொட்டலங்களைக் காண்கிறேன். 500 கிலோமீட்டருக்கு அப்பால், அவை உண்மையில் எங்கே தயாராயின என்பதை வாங்குபவர் அறிய வழியில்லை. தரத்தை அறியமுடியாத சந்தையில் மட்டமான சரக்கு நல்ல சரக்கை விரட்டிவிடும் என்று பொருளியலாளர் ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970இல் விளக்கினார்.

கரிசல் நிலத்து நிலக்கடலையும் வெல்லப்பாகும் சேர்ந்த இந்த மிட்டாய், 1940களில் தொடங்கிக் குடும்பத் தொழிலாக வளர்ந்து, 2020 ஏப்ரலில் புவிசார் குறியீடு பெற்றது.

துருக்கியின் புகழ்பெற்ற இனிப்பான லோகுமை இதனோடு ஒப்பிடலாம். இஸ்தான்புல்லில் 1777இல் கடை தொடங்கிய ஹாஜி பெகிரின் பெயர், அவர் வழிவந்த குடும்பத்தின் உடைமை. தரம் குறைந்தால் இழப்பும் அக்குடும்பத்துக்கே. கோவில்பட்டியின் பெயரோ அவ்வூர் உற்பத்தியாளர் அனைவருக்கும் பொது. ஒருவர் தரம் குறைத்தாலும் எல்லாரும் இழப்பர்.

1999ஆம் ஆண்டுச் சட்டப்படி, குறியீட்டின் பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். பின்னர் புதுப்பிக்க வேண்டும். அதைப் பயன்படுத்தும் உரிமைக்கு ஒவ்வொரு உற்பத்தியாளரும் தனியே பதிவுசெய்ய வேண்டும். சிறு உற்பத்தியாளர்களின் பதிவுக்கு அரசு துணைநிற்க வேண்டும். பொட்டலத்தில் குறியீட்டு முத்திரை இருக்கிறதா என்று நாமும் பார்த்து வாங்க வேண்டும்.