செய்திக்கு யார் விலை கொடுப்பது?

நாளிதழை வாசகர் கொடுக்கும் காசு மட்டும் நடத்துவதில்லை. தாள், அச்சு, சம்பளம், வண்டிச் செலவு என எல்லாவற்றிலும் பெரும்பகுதியை இத்தனை காலம் தாங்கியது விளம்பரம்தான். ‘வீடு வாடகைக்கு’, ‘மணமகன் தேவை’, ‘ஆட்கள் தேவை’ போன்ற வரி விளம்பரங்கள் இணையதளங்களுக்குப் போய்விட்டன. இணைய விளம்பரப் பணத்தின் பெரும்பங்கு கூகுளுக்கும் ஃபேஸ்புக்குக்கும் போகிறது. மக்கள் கைப்பேசியில் முன்னைவிட அதிகமாகவே செய்தி பார்க்கிறார்கள். அதைச் சேகரித்துத் தருபவருக்கான கூலிதான் கேள்விக்குறியாகிவிட்டது.

2020இல் கொரோனா முடக்கம் வந்தபோது இந்தியாவெங்கும் பல பதிப்புகள் மூடப்பட்டன, பக்கங்கள் குறைந்தன, பத்திரிகையாளர்கள் வேலை இழந்தார்கள். தாலுகா அளவிலான பகுதிநேர நிருபரின் பாடு அதற்கு முன்பே மோசம். பல இடங்களில் அவருக்கு மாதச் சம்பளம் கிடையாது; வெளியாகும் செய்திக்கு இவ்வளவு என்று கணக்கு. தீபாவளி, பொங்கல் சமயத்தில் விளம்பரமும் பிடித்துத் தர வேண்டும். காலையில் ஒருவரிடம் விளம்பரம் கேட்டுவிட்டு, மாலையில் அவருடைய முறைகேட்டை எழுத எத்தனை பேருக்குத் துணிவு வரும்? இதழியலின் எதிர்காலம் பற்றிய பேச்சு இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு செய்திக்குறிப்பைச் சுருக்குவது, மொழிபெயர்ப்பது, தங்கம் விலையைப் போடுவது ஆகியவற்றுக்கு ஆள் தேவை குறைகிறது. புதிதாக வருபவர்கள் தொழில் பழகியதே இந்த வேலைகளில்தான் என்பதால் இது சின்ன இழப்பு அல்ல. ஆனால் நேரில் போய்ப் பார்ப்பதை இயந்திரம் செய்துவிடாது. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 6 கிராம சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. அங்கே வாசிக்கப்படும் வரவு செலவைக் குறித்துக்கொண்டு, போட்டதாகச் சொல்லும் சாலையை நடந்து பார்த்து, சந்தேகம் வந்தால் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமை மனு போடலாம். 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். பல நல்ல செய்திகள் இப்படிப்பட்ட பொறுமையில் பிறந்தவைதான்.

இந்த வேலையை நம்பி நிற்கும் அமைப்புகளும் இருக்கின்றன. உத்தரப் பிரதேசத்தின் சித்ரகூடில் 2002இல் தொடங்கிய ‘கபர் லஹரியா’ கிராமத்துப் பெண்கள் நடத்தும் ஏடு. அவர்களில் பலர் தலித்துகள். வட்டார மொழியில் அச்சாகி வந்த அது, பிறகு முழுக்க டிஜிட்டலுக்கு மாறி, காணொளிச் செய்திகளை வழங்குகிறது. பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014இல் தொடங்கிய ‘பாரி’ இணையதளம் கிராமப்புற வாழ்க்கையைத் தமிழ் உட்படப் பல மொழிகளில் பதிவுசெய்கிறது. சந்தாவும் ஒரு வழி: 2011இல் இணையத்தில் படிப்பதற்குக் கட்டணம் விதித்த ‘நியூயார்க் டைம்ஸ்’, 2023இல் 1 கோடி சந்தாதாரர்களைத் தாண்டியது. ஆங்கிலத்துக்கு உலகெங்கும் வாசகர்கள் இருக்கிறார்கள். மாவட்டச் செய்தி தரும் தமிழ் இதழுக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது.

தமிழ் இதழியலுக்குள் நுழைய விரும்புபவர்களுக்கு விகடனின் மாணவப் பத்திரிகையாளர் திட்டம் இன்னும் நல்ல வாசல். பிழையில்லாத தமிழோடு, ஆங்கிலத் தீர்ப்பைப் படித்துப் புரிந்துகொள்வதும், எக்செல் தாளில் பட்ஜெட் எண்களை ஒப்பிடுவதும், வாட்ஸ்அப்பில் பரவும் படத்தின் மூலத்தைத் தேடிப் பிடிப்பதும் தெரிந்தவருக்குச் செய்தி அறைகளில் மதிப்பு உண்டு. நீதிமன்றம், விவசாயம், மருத்துவம் என ஏதாவது ஒரு துறையை ஆழமாகக் கற்றவருக்கு இன்னும் கூடுதல் மதிப்பு. வேலையில் சேரும்போதே சம்பளம், அடையாள அட்டை, அவதூறு வழக்கு வந்தால் வக்கீல் செலவை யார் ஏற்பது ஆகியவற்றை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது அவசியம்.