முப்பத்து நாலாயிரம் ரூபாய்த் தேர்தல்

கிராம ஊராட்சித் தலைவர் பதவிக்கு நிற்பவர் 34,000 ரூபாய்க்கு மேல் செலவழிக்கக் கூடாது. 2019 ஊரக உள்ளாட்சித் தேர்தலுக்குத் தமிழ்நாடு மாநிலத் தேர்தல் ஆணையம் வைத்த உச்சவரம்பு இது. வார்டு உறுப்பினருக்கு 9,000 ரூபாய். அதே ஆண்டு டிசம்பரில், மனுத்தாக்கல் நடந்துகொண்டிருந்தபோதே, கடலூர் மாவட்டம் பண்ருட்டி அருகே நடுக்குப்பம் ஊராட்சியில் தலைவர் பதவி 50 லட்சத்துக்கும் துணைத் தலைவர் பதவி 15 லட்சத்துக்கும் ஏலம் போனதாகச் செய்தி வெளியானது. மாநிலமே அதைப் பற்றிப் பேசியது.

தலைவருக்கு அப்போது மாத மதிப்பூதியம் 1,000 ரூபாய். ஐந்து வருடத்துக்கும் கூட்டினால் 60,000. அதற்காக ஒருவர் 50 லட்சம் கொடுக்க முன்வருவார் என்றால் கணக்கு வேறெங்கோ இருக்கிறது. துணைத் தலைவருக்கு எதற்கு விலை என்று கேட்பவர்கள், ஊராட்சிக் காசோலையைப் புரட்டிப் பார்க்க வேண்டும். தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் பணம் வெளியே வரும். சிமென்ட் சாலை, குடிநீர்க் குழாய், தெருவிளக்கு என எல்லா பில்லுக்கும் அந்த இரண்டு கையெழுத்தும் வேண்டும்.

ஏலத்துக்கு ஊர்ப்பெரியவர்கள் சொல்லும் நியாயம் ஒன்று உண்டு. எப்படியும் வேட்பாளர்கள் பணத்தை இறைக்கத்தான் போகிறார்கள். அது பிரியாணிக்கும் பாட்டிலுக்கும் போவதைவிட அம்மன் கோயில் கும்பாபிஷேகத்துக்குப் போனால் என்ன? பங்காளிகளுக்குள் பகை வராது, போலீஸ் ஸ்டேஷன் படியேற வேண்டாம். கேட்கும்போது தப்பே இல்லாததுபோல் இருக்கும். அதனால்தான் இது வீடு வீடாகக் கவர் கொடுப்பதைவிட மோசம். கவர் வாங்கியவர்கூட வாக்குச்சாவடித் திரைக்குப் பின்னால் மனம் மாற வழியிருக்கிறது. ஏலத்தில் வாக்குச்சாவடியே கிடையாது. அதை முடிவு செய்யும் ஊர்க்கூட்டத்தில் பல இடங்களில் பெண்கள் உட்காருவதில்லை. சேரிக்குத் தகவல்கூடப் போவதில்லை. இன்னொன்றும் இருக்கிறது. ஓட்டுக் கேட்டு வந்தவர் பொய்யாவது சொல்லிவிட்டுப் போவார், அடுத்த கிராமசபையில் அதைச் சொல்லி மடக்கலாம். ஏலத்தில் எடுத்தவரோ யாருக்கும் ஒரு வார்த்தை கொடுத்தவரில்லை.

சட்டத்தின் கைக்கு இது எளிதில் அகப்படுவதுமில்லை. மற்றவர்கள் மனுவைத் திரும்பப் பெற்று ஒருவர் மட்டும் மிஞ்சினால், அவர் போட்டியின்றித் தேர்வானதாக அறிவிப்பதுதான் தேர்தல் அலுவலரின் வேலை. காகிதத்தில் எல்லாம் சரியாக இருக்கும். ஏலம் குற்றம், நடவடிக்கை எடுக்கப்படும் என்று ஆணையம் எச்சரித்தது. ஆனால் எச்சரிக்கையைத் தாண்டியும் போக முடியும் என்று காட்டியது மகாராஷ்டிரம். நாசிக் மாவட்டத்தின் உம்ரானே, நந்துர்பார் மாவட்டத்தின் கோண்டமளி ஆகிய இரு ஊராட்சிகளில் பதவி ஏலம் விடப்பட்டது தெரியவந்ததும், 2021 ஜனவரியில் அந்த மாநிலத் தேர்தல் ஆணையம் அங்கே தேர்தலையே ரத்து செய்தது. அதற்குப் பக்கத்து மாநிலமான குஜராத்திலோ, போட்டியின்றி ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கும் ஊர்களுக்கு ‘சம்ரஸ்’ திட்டத்தில் அரசே ஊக்கத்தொகை தருகிறது. அந்த ஒருமனம் எப்படி வந்தது என்பதைத் தொகை கொடுப்பவர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

போட்டி நடக்கும் ஊர்களில் மட்டும் எல்லாம் நேர்மை என்று சொல்லிவிட முடியாது. தமிழ்நாட்டில் ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் தேர்தல்கள் கட்சி சார்பற்றவை. உதயசூரியனுக்கும் இரட்டை இலைக்கும் அங்கே இடமில்லை. பூட்டு சாவி, ஆட்டோ ரிக்‌ஷா போன்ற சின்னங்கள்தான். ஒன்றியக் கவுன்சிலரும் மாவட்டக் கவுன்சிலரும் கட்சிச் சின்னத்தில் நிற்பார்கள். வாக்காளர் கையில் ஒரே நேரத்தில் நான்கு நிறத்தில் நான்கு சீட்டு இருக்கும். இரண்டில் கட்சி உண்டு, இரண்டில் இல்லை என்பது சட்டப் புத்தகத்தோடு சரி. எந்தப் பூட்டு எந்தக் கட்சியின் பூட்டு என்று தெரியாத வாக்காளர் ஊரில் இருக்க மாட்டார்.

இந்தப் பாசாங்கு தனி மனிதர் தலையில் எப்படி விடியும் என்பதற்கு 2021 அக்டோபரில் கோவை மாவட்டம் குருடம்பாளையம் ஊராட்சியில் நடந்தது சாட்சி. வார்டு தேர்தலில் ஒரு வேட்பாளருக்குக் கிடைத்தது ஒரே ஒரு ஓட்டு. அவர் பாஜகவைச் சேர்ந்தவர் என்பதால், ‘வீட்டிலுள்ளவர்கள்கூட ஓட்டுப் போடவில்லை’ என்று நாடு முழுக்கச் சமூக ஊடகங்களில் கேலி பறந்தது. அவர் கட்சிச் சின்னத்தில் நிற்கவில்லை, நிற்கவும் முடியாது. குடும்பத்தினருக்கும் அவருக்கும் ஓட்டு இருந்தது வேறு வார்டில். தேர்தல் காலப் பொய் வேட்பாளர்களின் ஏகபோகம் அல்ல. பார்த்துச் சிரித்தவர்களும் அதில் பங்கு வாங்கிக்கொண்டார்கள்.

பணத்துக்கு வருவோம். 2022 பிப்ரவரியில் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலின்போது கோவையில் வாக்காளர்களுக்கு ஹாட்பாக்ஸ் கொடுக்கப்படுகிறது என்று எதிர்க்கட்சியான அதிமுக புகார் எழுப்பியது. வேறு ஊர்களில் கொலுசு, குத்துவிளக்கு, டோக்கன் என்று பேச்சு அடிபட்டது. வாங்குவது, கொடுப்பது இரண்டுமே இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 170-வது பிரிவில் லஞ்சம். தண்டனை ஓராண்டுச் சிறை வரை. ஆனால் 173-வது பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது: லஞ்சம் விருந்தாக இருந்தால் அபராதம் மட்டும்தான். வெள்ளைக்காரர் காலத்து இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இருந்த சலுகை வார்த்தை மாறாமல் வந்து சேர்ந்திருக்கிறது. ஒரு தெருவுக்கே பிரியாணி போடுவது சட்டத்தின் கண்ணில் இன்றும் சில்லறைத் தப்பு.

பணம் கொடுத்த கையோடு கற்பூரம் ஏற்றிச் சத்தியம் வாங்குவது நம் ஊர்களில் பழைய பழக்கம். மீறினால் குலதெய்வம் கேட்கும் என்ற பயம்தான் அந்தப் பணத்துக்கு ரசீது. தெய்வத்தின் கோபத்துக்கு ஆளாவாய் என்று நம்பவைத்து ஓட்டை வளைப்பதையும் அதே சட்டத்தின் 171-வது பிரிவு குற்றமாகச் சேர்த்திருக்கிறது. சட்டம் எழுதியவர்களுக்கு ஊர் தெரிந்திருக்கிறது. ஆனால் அண்டை வீட்டுக்காரர்மேல் புகார் எழுதிக் கொடுத்துவிட்டு அதே தெருவில் குடியிருக்க வேண்டியவருக்கு அதனால் என்ன பயன்?

முடிவு வந்த முப்பது நாளுக்குள் வேட்பாளர் செலவுக் கணக்கு கொடுக்க வேண்டும். தவறினால் மூன்றாண்டு போட்டியிட முடியாது. கணக்கு வருகிறது, உச்சவரம்புக்குள் அடங்கியும் இருக்கிறது. யாரும் தோண்டிப் பார்ப்பதில்லை. கணக்குக் காட்டாதவரைத் தள்ளிவைப்பது நமக்குப் புதிதல்ல. ஓலையில் பேர் எழுதிக் குடத்திலிட்டு எடுத்த குடவோலை முறையைப் பற்றி மேடைதோறும் பெருமை பேசும் அரசியல்வாதிகள், முதலாம் பராந்தகன் காலத்து (பொ.ஆ. 919, 921) உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் ஒரு வரியைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். வாரியத்தில், அதாவது ஊர்ச்சபையின் குழுவில், இருந்து கணக்குக் காட்டாதவரும் அவரது நெருங்கிய உறவினரும் மறுபடி ஓலையில் பேர் எழுதப்படத் தகுதியற்றவர்கள் என்கிறது அது. உத்திரமேரூரில் இருந்தது பிராமணர்களின் சபை, நிலமுள்ளவர்களுக்கு மட்டுமே கதவு திறந்தது என்பதையும் மேடையில் யாரும் சொல்வதில்லை.

போட்டியே நடக்கவிடாமல் செய்வதன் கொடிய வடிவத்தை மதுரைப் பக்கம் பார்த்தாயிற்று. 1996-ல் பட்டியல் இனத்தவருக்கு ஒதுக்கப்பட்ட பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்துக் கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளில் பத்து வருடம் ஒழுங்காகத் தேர்தல் நடக்கவில்லை. சில தடவை மனுவே வராது. சில தடவை ஆதிக்கச் சாதியினர் தாங்களே ஒருவரை நிறுத்தி, வென்றதும் ராஜினாமா கடிதம் எழுதவைப்பார்கள். அதே மதுரைப் பக்கம், அதேபோல் ஒதுக்கப்பட்ட மேலவளவு ஊராட்சியில் துணிந்து நின்று தலைவரான முருகேசன், 1997 ஜூன் 30 அன்று இன்னும் ஐந்து பேரோடு வெட்டிக் கொல்லப்பட்டார். தேர்தலில் நிற்க மற்றவர்கள் ஏன் அஞ்சினார்கள் என்று கேட்கவே தேவையில்லை.

2006 அக்டோபரில் அந்த நான்கு ஊர்களிலும் தேர்தல் நடந்தது. புதிதாக எந்தச் சட்டமும் வந்துவிடவில்லை. அன்றைய மதுரை ஆட்சியர் உதயச்சந்திரன் திரும்பத் திரும்ப ஊருக்குப் போய்ப் பேசினார். அரசியல் தலைமையும் நடத்தியே தீர்வது என்று நின்றது. நவம்பரில் சென்னையில் முதல்வர் கருணாநிதி சமத்துவப் பெருவிழா எடுத்து, வென்ற நால்வரையும் மேடையேற்றினார். விழாவை விளம்பரம் என்றவர்கள் உண்டு. வென்றவர்களிடம் ராஜினாமா கடிதம் கேட்க அதற்குப் பிறகு யாரும் முன்னால் வரவில்லை.

27 மாவட்டங்களில் 2019 தேர்தலில் தேர்வானவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, ஊராட்சிகள் தனி அலுவலர்கள் கைக்குப் போயின. அந்த ஊர்களுக்கு அடுத்த அறிவிப்பாணை வரும்போது மனுவைத் திரும்பப் பெறும் கடைசி நாள் ஒன்றும் அதில் இருக்கும். தேர்தல் பார்வையாளர்கள் வாக்குப்பதிவு நாள்வரை காத்திராமல் அந்த ஒரு நாளின் பிற்பகலில், போட்டியின்றித் தேர்வாகப்போகும் ஊர்களில் போய் நின்றாலே பாதி வேலை முடிந்துவிடும்.